மாத்திரையும் ஹார்மோனும் பெண்ணின் உச்சமும்: காரணத்தை எங்கே தேடுவது?

பாலுறவில் உச்சம் வருவது நின்றுபோன பெண் விடை தேடினால், முதலில் கண்ணில் படுவது ‘ஹார்மோன் பேக்கேஜ்’ விளம்பரம்தான். ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், டி.ஹெச்.இ.ஏ. என்று வரிசையாகப் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டுகிறார். எல்லாம் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வருகிறது. அதே பெண்ணின் கைப்பையில் ஆறு மாதமாகச் சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரை அட்டை இருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்காது.

மருந்தால் வரும் உச்சத் தடை மிகப் பரவலானது, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. ஹார்மோன் காரணமாகும் நிலைகளும் உண்டு. ஆனால் அவை எண்ணிச் சொல்லிவிடக்கூடிய சில நிலைகள்தான். இரண்டையும் பிரித்தறிய, பரிசோதனைத் தாளைவிடத் தேதிகள் அதிகம் உதவும்: எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, எப்போது அளவு கூட்டப்பட்டது, தொல்லை எப்போது ஆரம்பித்தது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தேதிகளை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியதுதான்.

## ஆசை, கிளர்ச்சி, உச்சம்

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் தவறான சிகிச்சை தொடங்குகிறது.

1. ஆசை என்பது பாலுறவு வேண்டும் என்ற விருப்பம். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் இதைத் தூண்டுகிறது. டெஸ்டோஸ்டிரோனுக்கும் இதில் பங்கு உண்டு. பெண்களின் உடலிலும் அது சிறிதளவு சுரக்கிறது.

2. கிளர்ச்சி என்பது உடல் தயாராவது. பெண்ணுறுப்புக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, கிளிட்டோரிஸ் என்ற உணர்ச்சி மிகுந்த சிறு உறுப்பு விம்முகிறது, யோனியில் ஈரம் சுரக்கிறது. ரத்தக் குழாய்களைத் தளர்த்துவது நைட்ரிக் ஆக்சைடு. அந்தத் திசுக்களைத் தடிமனாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன்.

3. உச்சம் நரம்புகளின் வேலை. கிளிட்டோரிஸிலிருந்து வரும் உணர்வுகளை புடெண்டல் நரம்பு முதுகுத்தண்டுக்குக் கொண்டுபோகிறது. அவை ஓர் அளவைத் தாண்டியதும் இடுப்புத் தளத் தசைகள் ஏறத்தாழ 0.8 நொடி இடைவெளியில் சுருங்கி விரிகின்றன. மூளையிலிருந்து இறங்கும், செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள் இந்த வேலையைத் தாமதப்படுத்துகின்றன.

கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் பெரும்பாலானவை செரட்டோனினைக் கூட்டுபவை.

உச்சம் வராததெல்லாம் நோயும் ஆகாது. 2013ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. ஏறக்குறைய எல்லாத் தருணங்களிலும், அதாவது நூற்றுக்கு 75க்கு மேல், உச்சம் வராமலோ மிகவும் தாமதமாகவோ மங்கலாகவோ இருக்க வேண்டும். ஆறு மாதமாவது அது நீடிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது மன வேதனை தர வேண்டும். மருந்தால் வருவதை அதே கையேடு தனிப் பெயரில், தனி நோயாகப் பட்டியலிடுகிறது. சிகிச்சை வேறு என்பதால் இந்தப் பிரிவினை முக்கியம்.

இன்னொன்றையும் முதலிலேயே விலக்கிவிட வேண்டும். ஊடுருவல் மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டு, அதில் உச்சம் வராததற்கு மருந்தையோ ஹார்மோனையோ பழிப்பது. 18 முதல் 94 வயது வரையுள்ள 1,055 அமெரிக்கப் பெண்களிடம் கேட்டு 2018ல் வெளியான ஆய்வில், ஊடுருவல் மட்டுமே போதும் என்றவர்கள் 18.4 விழுக்காடுதான். கிளிட்டோரிஸைத் தூண்டாமல் உச்சம் வராது என்றவர்கள் 36.6 விழுக்காடு. திருமணமான நாளிலிருந்தே உச்சம் அறியாத பெண்ணுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது போதுமான, சரியான இடத்துத் தூண்டல்தான். அங்கே மாத்திரைக்கு வேலை இல்லை. முன்பு சரியாக இருந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோனவர்களுக்கே கீழே வருவது அதிகம் பொருந்தும்.

## முதல் சந்தேகம்: செரட்டோனின் மாத்திரைகள்

மூளையில் செரட்டோனினைக் கூட்டும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகையில் ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், பராக்ஸெடின், சிடாலோபிராம், எஸ்சிடாலோபிராம், ஃப்ளூவோக்ஸமின் ஆகியவை வரும். வென்லஃபாக்ஸின், டெஸ்வென்லஃபாக்ஸின், துலோக்ஸெடின் ஆகியவை செரட்டோனினோடு நார்அட்ரினலினையும் கூட்டுபவை. பழைய மருந்தான க்ளோமிப்ரமின் எல்லாவற்றையும்விட வலுவாக உச்சத்தைத் தடுக்கும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையில் பராக்ஸெடின் முன்னால் நிற்கிறது.

இந்த விளைவு தற்செயலானது அல்ல. ஆண்களின் விந்து முந்துதலுக்கு டபோக்ஸெடினும் பராக்ஸெடினும் கொடுக்கப்படுவது இதே காரணத்துக்காகத்தான். ஆணுக்கு மருந்தாக எழுதித்தரும் அளவுக்கு உறுதியான விளைவைப் பெண் சொன்னால் ‘எல்லாம் மனசுதான்’ என்று தட்டிவிடுவது நியாயமில்லை.

மாத்திரையின் விளைவுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஆசை இருக்கிறது, ஈரமும் வருகிறது, இன்னும் கொஞ்சம்தான் என்ற இடம் வரை போகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. பெண்ணுறுப்பில் உணர்ச்சி மங்கியது போல இருப்பதாகவும் சிலர் சொல்வார்கள். மனச்சோர்வு நோய் முதலில் அடிப்பது ஆசையை. ஆசை மீண்டும் வந்த பிறகும் உச்சம் மட்டும் வரவில்லை என்றால் சந்தேகம் மாத்திரை மீதுதான் விழ வேண்டும்.

நேரக் கணக்கும் அப்படியே. மனச்சோர்வு குறைய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உச்சத் தாமதம் அதற்கு முன்பே, முதல் சில நாட்களிலேயே தொடங்கிவிடலாம். அளவு கூடக் கூடத் தடையும் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 34 வயதுப் பெண்ணுக்கு ஜனவரியில் எஸ்சிடாலோபிராம் 5 மி.கி. தொடங்குகிறார்கள். பிப்ரவரியில் 10 ஆகிறது. உச்சம் வர முன்பைவிட நேரம் பிடிக்கிறது, ஆனாலும் வருகிறது. ஏப்ரலில் 20 ஆகிறது. மே மாதத்திலிருந்து வருவதே இல்லை. மனநிலை நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போகிறார், தூக்கம் வருகிறது. இந்த நான்கு தேதிகளை ஒரு தாளில் எழுதினாலே காரணம் தெரிந்துவிடும். டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை இதற்கு மேல் எதையும் சொல்லப்போவதில்லை.

இது எவ்வளவு பரவலானது? ஸ்பெயினில் எஸ்.எஸ்.ஆர்.ஐ. சாப்பிட்ட 344 பேரிடம் நடந்து 1997ல் வெளியான ஆய்வில், பாலுறவுப் பாதிப்பைத் தாமாகச் சொன்னவர்கள் 14 விழுக்காடு. மருத்துவர் நேரடியாகக் கேட்டபோது அது 58 ஆனது. கேட்காததால் மட்டும் இத்தனை பேரின் தொல்லை மறைந்து கிடந்தது. கூட்டம் நிரம்பிய நம் ஓ.பி.களில், பக்கத்தில் மாமியாரோ கணவரோ நிற்க, எத்தனை பேர் தாமாகச் சொல்வார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

## அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

‘எனக்கு மனச்சோர்வு மாத்திரை எதுவும் இல்லை, தூக்க மாத்திரை மட்டும்தான்’ என்பது அடிக்கடி கேட்கும் பதில். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘எஸ்சிடாலோபிராம் 10 மி.கி., க்ளோனசெபாம் 0.5 மி.கி.’ என்று இருக்கும். தூக்கம் தருவது இரண்டாவது மருந்து. உச்சத்தைத் தடுப்பது முதலாவது. இந்தியாவில் கலவை மாத்திரைகள் மிகுதி என்பதால் கம்பெனிப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைத்தான் படிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய மற்ற மருந்துகள்:

1. ‘கேஸ் மாத்திரை’. ராபெப்ரசோல் 20 மி.கி.யோடு லெவோசல்பிரைட் 75 மி.கி., அல்லது பாண்டோப்ரசோல் 40 மி.கி.யோடு டோம்பெரிடோன் 30 மி.கி. சேர்ந்த கேப்சூல்கள் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கூட இருக்கும் லெவோசல்பிரைடும் டோம்பெரிடோனும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் டோபமைனைத் தடுத்து, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றிவிடும். புரோலாக்டின் ஏறினால் ஈஸ்ட்ரோஜன் குறையும், ஆசை குறையும், யோனி வறளும், மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு மார்பில் பால் கசியும். இரண்டு வாரத்துக்கு எழுதிய கேப்சூலை இரண்டு வருடம் தொடர்ந்து வாங்கிச் சாப்பிடுபவர்கள் நம் ஊரில் ஏராளம். இதை நிறுத்துவது எளிது என்பதால் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான்.

2. மனநோய் மருந்துகளில் ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைட், ஹாலோபெரிடால் ஆகியவை புரோலாக்டினை நன்றாக ஏற்றும். குவெடியபின் அவ்வளவு ஏற்றாது. அரிபிப்ரசோல் புரோலாக்டினைக் குறைக்கும் என்பதால் மாற்று மருந்தாகவோ கூடுதல் மருந்தாகவோ தரப்படுகிறது.

3. ‘நரம்பு மாத்திரை’. முதுகுவலிக்கும் கால் எரிச்சலுக்கும் தரும் பிரகாபலின், கபபென்டின் ஆகியவற்றால் உச்சம் வராமல் போனதாகப் பதிவுகள் உண்டு. கூடவே, பழைய மனச்சோர்வு மருந்தான நார்ட்ரிப்டிலின் கலந்த மாத்திரைகளும் இருக்கின்றன. ஒற்றைத் தலைவலிக்குத் தரும் அமிட்ரிப்டிலினும் அதே குடும்பம்தான்.

4. வலிநிவாரணிகளில் டிரமடால் இரண்டு வழியில் தொந்தரவு செய்யும். அது செரட்டோனினையும் கூட்டும். ஓபியாய்டு, அதாவது அபின் குடும்ப வகை என்பதால் நீண்ட நாள் எடுத்தால் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களையும் குறைக்கும்.

5. வலிப்பு மருந்துகளில் ஃபெனிடோயினும் கார்பமசெபினும், பாலியல் ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதத்தைக் கூட்டுகின்றன. உடலுக்குக் கிடைக்கும் ஹார்மோன் அதனால் குறைகிறது. இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு வரும்.

6. பிரஷர் மாத்திரைகளில் பழைய பீட்டா பிளாக்கர்கள், குளோனிடின், மெத்தில்டோபா ஆகியவை மீது சந்தேகம் உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் தரும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் வாயை உலர்த்துவது போலவே யோனியையும் உலர்த்தலாம்.

## ஹார்மோன் உண்மையில் காரணமாகும் நிலைகள்

மாதவிடாய் நிற்கும் காலம். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது யோனியின் சவ்வு மெலிகிறது, ஈரம் குறைகிறது, 4.5க்குள் இருந்த பி.ஹெச். 5க்கு மேல் போகிறது. உரசினால் எரிகிறது. வலி வரும் இடத்தில் உச்சம் வராது. வலியை எதிர்பார்த்து இடுப்புத் தசைகள் இறுகிக்கொள்ளும், அதனால் வலி இன்னும் கூடும். இதற்கான சிகிச்சை எளிமையானது, செலவும் குறைவு. எஸ்ட்ரியால் கிரீம் அல்லது 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடயால் யோனி மாத்திரையை முதல் இரண்டு வாரம் தினமும் இரவில் வைக்க வேண்டும். பிறகு வாரம் இரு முறை. பலன் முழுதாகத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஒரு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். வெளியே தடவுவதோடு நிறுத்திவிட்டு உள்ளே வைக்காமல் இருப்பது அடுத்த தவறு. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மசகுப் பொருளாகத் தேங்காய் எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும். ஆணுறை போடுவதாக இருந்தால் தண்ணீர் அடிப்படையிலான ஜெல்தான் சரி.

சினைப்பைகளை எடுத்த பிறகு. கர்ப்பப்பை எடுப்பதும் சினைப்பை எடுப்பதும் வேறு வேறு. சினைப்பைகள் இருக்கும்வரை ஹார்மோன் தொடரும். கர்ப்பப்பை எடுத்த 1,101 பெண்களை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்து 1999ல் வெளியான அமெரிக்க ஆய்வில், உச்சம் வராதவர்களின் விகிதம் அறுவைக்கு முன் 7.6 விழுக்காடாக இருந்து பின்பு 4.9 ஆகக் குறைந்தது. அதிக உதிரப்போக்கும் வலியும் போனதே அதற்கு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் கதை வேறு. ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் விழும், டெஸ்டோஸ்டிரோன் பாதியாகும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எது எடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். ‘ஆபரேஷன் பண்ணினார்கள்’ என்று மட்டும் தெரிந்திருப்பது போதாது. அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

தைராய்டு குறைவு. சோர்வு, எடை கூடுதல், ஆசைக் குறைவு எல்லாம் வரும். புரோலாக்டினும் சற்று ஏறலாம். மாத்திரையால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சரியான அளவுக்குள் வந்துவிட்டால் இந்தக் காரணம் நீங்கிவிடும். அதன் பிறகும் தொல்லை இருந்தால் வேறு காரணம் தேட வேண்டுமே தவிர, தைராக்ஸின் அளவைக் கூட்டக் கூடாது.

பாலூட்டும் மாதங்கள். புரோலாக்டின் ஏறி, ஈஸ்ட்ரோஜன் இறங்கியிருப்பது இப்போது இயற்கை. ஈரக்குறைவுக்கு ஜெல் போதும். பரிசோதனை தேவையில்லை.

கருத்தடை மாத்திரை. மாலா-டி போன்ற கூட்டு மாத்திரையில் 0.03 மி.கி. எத்தினைல் எஸ்ட்ராடயாலும் 0.15 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெலும் இருக்கின்றன. பொதுவாக இவ்வகை மாத்திரைகள் எஸ்.ஹெச்.பி.ஜி.யைக் கூட்டி, ரத்தத்தில் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். ஆனாலும் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான பெண்களுக்குப் பாலுறவில் எந்த மாற்றமும் இல்லை. கர்ப்ப பயம் நீங்கியதால் சிலருக்கு முன்பைவிட நன்றாகவும் இருக்கிறது. சிறு பகுதியினருக்கு மட்டும் ஆசையோ ஈரமோ குறைகிறது. இங்கேயும் தேதிதான் சொல்லும். மாத்திரை தொடங்கிய சில மாதங்களுக்குள் மாற்றம் தெரிந்திருந்தால், காப்பர் டி போன்ற ஹார்மோன் இல்லாத முறைக்கு மாறி மூன்று மாதம் பார்ப்பது நியாயமான சோதனை.

புற்றுநோய், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) சிகிச்சைகள். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், லியூப்ரோலைடு ஆகியவை ஈஸ்ட்ரோஜனைக் கிட்டத்தட்ட இல்லாமலே செய்துவிடும். கடும் வறட்சி எதிர்பார்க்க வேண்டியதே. டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின், புப்ரோபியான் மூன்றும் டமாக்ஸிஃபெனைச் செயல்படும் வடிவமாக மாற்றும் நொதியைத் தடுப்பவை. மனச்சோர்வு மருந்தை மாற்றும்போது புற்றுநோய் மருத்துவருக்கும் தெரிய வேண்டும்.

## டெஸ்டோஸ்டிரோன் பற்றி

பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு இப்போது பரவுகிறது. 2019ல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. அது சொல்வதில் முக்கியமானவை நான்கு.

1. மாதவிடாய் நின்ற பெண்களின் ஆசைக் குறைவு, அதுவும் மன வேதனை தரும் அளவுக்கு இருந்தால் மட்டுமே, இதற்குச் சான்று உள்ள பயன்பாடு.

2. இந்த அளவுக்குக் கீழே இருந்தால் நோய் என்று சொல்லும் ரத்த அளவு எதுவும் கிடையாது. ஆகவே டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று தாளில் பார்த்து மட்டும் சிகிச்சை தொடங்குவது தவறு.

3. தோலில் தடவும் வகைதான் சரி, அதுவும் இளம் பெண்ணின் இயல்பான அளவைத் தாண்டாமல். ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கென 2020ல் அனுமதி பெற்ற 1 விழுக்காடு கிரீமின் தொடக்க அளவு நாளுக்கு 0.5 மி.லி., அதாவது 5 மி.கி. ஆண்களுக்கான ஜெல்லின் முழு அளவு இதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஊசியும் உடலுக்குள் வைக்கும் உருண்டையும் பரிந்துரைக்கப்படவில்லை.

4. தொடங்கும் முன் ஒரு முறையும், 3 முதல் 6 வாரத்தில் மறுபடியும் ரத்த அளவு பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும்.

அளவு மீறினால் முகப்பரு, முகத்தில் முடி வரும். குரல் தடித்துப்போனால் நிறுத்திய பிறகும் திரும்பாமல் போகலாம். பாடகியோ ஆசிரியையோ இதை அறியாமல் தொடங்கக் கூடாது.

அமெரிக்காவில் 2015ல் அனுமதி பெற்ற ஃப்ளிபான்செரின் மாத்திரையும், 2019ல் அனுமதி பெற்ற பிரெமெலனோடைடு ஊசியும் ஆசைக் குறைவுக்கானவை. பெண்ணின் உச்சத் தடைக்கென்று அங்கே அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. ‘பெண்களுக்கான வயாக்ரா’ என்று ஆன்லைனில் விற்கும் எதையும் வாங்குவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

## என்ன பரிசோதனை தேவை

டி.எஸ்.எச்., புரோலாக்டின், ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), ஹீமோகுளோபின், வைட்டமின் பி12. பெரும்பாலானோருக்கு இவ்வளவு போதும். சர்க்கரை நோயும் பி12 குறைவும் நரம்பைப் பாதிப்பவை என்பதால் பட்டியலில் இருக்கின்றன. 45 வயதைத் தாண்டி மாதவிடாய் ஒழுங்கு தவறியிருந்தால் எஃப்.எஸ்.ஹெச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) பார்த்துத்தான் மெனோபாஸ் என்று அறிய வேண்டிய தேவையில்லை.

புரோலாக்டினுக்கு ரத்தம் கொடுக்கும்போது பதற்றமும் ஓட்டமும் கூடாது. உடற்பயிற்சி முடித்து நேராக லேபுக்குப் போனால் சற்று ஏற்றமாகவே காட்டும். பொதுவாக மேல் எல்லை மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம் அளவில் இருக்கும். அதைக் கொஞ்சம் தாண்டியிருந்தால் அமைதியாக உட்கார்ந்து எழுந்து மறுபடி ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். சில லேப் முறைகளில் பயோட்டின் தைராய்டு, ஹார்மோன் அளவுகளைத் தவறாகக் காட்டிவிடும்.

## மாத்திரைதான் காரணம் என்றால்

கீழே உள்ள எதுவும் மருந்து எழுதிய மருத்துவரோடு பேசாமல் செய்ய வேண்டியதல்ல. பராக்ஸெடினையும் வென்லஃபாக்ஸினையும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, தூக்கமின்மை எல்லாம் வரும். அதைவிடப் பெரிய ஆபத்து நோய் திரும்புவது. உச்சம் வரவில்லை என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தி, மறுபடி கடும் மனச்சோர்வில் விழுவது தவிர்க்கக்கூடிய துன்பம்.

1. மருந்து தொடங்கிச் சில வாரம்தான் ஆகிறது, தொல்லையும் லேசாக இருக்கிறது என்றால் காத்திருக்கலாம். சிறு பகுதியினருக்குத் தானாகக் குறையும். மூன்று நான்கு மாதம் ஆகியும் மாறவில்லை என்றால் இனி தானாக மாறும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

2. அளவைக் குறைப்பது. எஸ்சிடாலோபிராம் 20 சாப்பிடுபவர் நோய் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் 15, பிறகு 10 என்று மெல்ல இறங்கிப் பார்க்கலாம். செலவில்லாத வழி, பலருக்கு இதுவே போதும்.

3. நேரத்தை மாற்றுவது. செர்ட்ராலினின் அளவு ரத்தத்தில் பாதியாக ஏறத்தாழ 26 மணி நேரம் ஆகும். பாலுறவுக்குப் பிறகு அன்றைய மாத்திரையைப் போடுவது சிலருக்குக் கொஞ்சம் உதவும். ஃப்ளூவாக்ஸெடினுக்கு இது பயன்படாது. அதுவும் அதிலிருந்து உருவாகும் பொருளும் உடலில் வாரக்கணக்கில் தங்கும். வார இறுதியில் இரண்டு நாள் மருந்தை விடுவதை 1995ல் ஓர் ஆய்வு சோதித்தது. செர்ட்ராலின், பராக்ஸெடினில் பலன் இருந்தது, ஃப்ளூவாக்ஸெடினில் இல்லை. ஆனாலும் இந்த வழியை ஊக்குவிக்க முடியாது. விடும் பழக்கம் வார இறுதியோடு நிற்பதில்லை.

4. மருந்தை மாற்றுவது. புப்ரோபியான், மிர்டசபின், அகோமெலடின், குறைந்த அளவு வோர்டியோக்ஸெடின் ஆகியவற்றில் உச்சத் தடை குறைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. மிர்டசபின் தூக்கத்தையும் எடையையும் கூட்டும். அகோமெலடினுக்குக் கல்லீரல் பரிசோதனை குறித்த வாரங்களில் செய்தே ஆக வேண்டும். புப்ரோபியான் வலிப்பு உள்ளவர்களுக்கும், உண்டு வாந்தியெடுக்கும் நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது, பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்குச் சில நேரம் அதைக் கூட்டும். பழையதை ஒரே நாளில் நிறுத்திப் புதியதைத் தொடங்காமல், ஒன்றைக் குறைத்துக்கொண்டே மற்றதைக் கூட்டுவதுதான் வழக்கம்.

5. இருக்கும் மருந்தோடு இன்னொன்றைச் சேர்ப்பது. நோய் இந்த மருந்துக்குத்தான் அடங்குகிறது, மாற்ற முடியாது என்பவர்களுக்கு இது. புப்ரோபியான் 150 மி.கி. ஒரு வேளையில் தெளிவான பலன் தெரியவில்லை. இரு வேளையாக 300 மி.கி. கொடுத்த ஆய்வுகளில் முன்னேற்றம் இருந்தது. மனச்சோர்வு மாத்திரையால் பாதிக்கப்பட்ட 98 பெண்களிடம் சில்டெனாஃபில் 50 முதல் 100 மி.கி. கொடுத்து 2008ல் வெளியான அமெரிக்க ஆய்வில் உச்சம் அடைவது மேம்பட்டது, ஆசை மேம்படவில்லை. தலைவலியும் முகம் சிவப்பதும் வரலாம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும்.

6. மருந்தில்லாத வழிகள். மாத்திரை உச்சத்தின் எல்லையை உயர்த்திவிடுகிறது என்பதால் தூண்டலும் நேரமும் கூட வேண்டும். பத்து நிமிடத்தில் வந்தது இனி அரை மணி நேரம் கேட்கலாம். அதிர்வுக் கருவி கையைவிட வலுவான, சீரான தூண்டல் தரும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும் 52 பெண்களிடம் 2014ல் வெளியான ஆய்வில், பாலுறவுக்குச் சற்று முன் 30 நிமிடம் உடற்பயிற்சி செய்தபோது ஆசையும், பாதிப்பு அதிகம் இருந்தவர்களின் ஒட்டுமொத்த நிலையும் மேம்பட்டன. வாரம் மூன்று முறை, வேகமாக நடந்தால்கூட முயன்று பார்க்கலாம்.

மாத்திரையை முழுவதும் நிறுத்திய பிறகும் தொல்லை தொடரும் நிலை சிலருக்கு இருக்கிறது. அரிது என்று கருதப்பட்டாலும் அது உண்மையான நிலைதான். 2019ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த எச்சரிக்கையை எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளின் குறிப்புத் தாளில் சேர்க்கச் சொன்னது. அப்படிச் சொல்லும் பெண்ணிடம் ‘மாத்திரையைத்தான் நிறுத்திவிட்டாயே’ என்று முடித்துவிடக் கூடாது.

## காத்திருக்கக் கூடாதவை

உட்காரும் இடத்திலும் பெண்ணுறுப்பைச் சுற்றியும் திடீரென மரத்துப்போய், சிறுநீர் கழிக்கவும் சிரமமாக இருந்தால் அது முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்குவதாக இருக்கலாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். குழந்தை பெறாத நிலையில் மார்பில் பால் கசிவு, கூடவே விடாத தலைவலி, பார்வையின் ஓரங்கள் மங்குவது ஆகியவை இருந்தால் பிட்யூட்டரி கட்டியா என்று பார்க்க வேண்டும்.

## மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுப்பதில் தவறே இல்லை. ஒரு தாளில் இவ்வளவு போதும்: ‘இந்த மாத்திரை இந்த மாதம் தொடங்கினேன், இந்த மாதம் அளவு கூட்டினார்கள். அதற்கு முன் உச்சம் சரியாக வந்தது. இப்போது வருவதில்லை (அல்லது மிகவும் தாமதமாகிறது). ஆசை இருக்கிறது / இல்லை. வலி இருக்கிறது / இல்லை. தனியாக இருக்கும்போதும் இப்படித்தான் / அப்போது வருகிறது.’ கடைசி வரி மருத்துவருக்கு மிகவும் உதவும். தனியாக இருக்கும்போது வருகிறது என்றால் நரம்பும் மருந்தும் பெரும்பாலும் தடையில்லை, தூண்டலையும் உறவையும் பார்க்க வேண்டும்.

கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லும்படி மருத்துவரிடமோ நர்ஸிடமோ கேட்கலாம். அது உங்கள் உரிமை. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாத்திரையில் ஏதாவது மாற்றம் செய்தால் அந்தத் தேதியையும் அதே தாளில் குறித்து, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து அந்தத் தாளோடு மறுபடி போங்கள். ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.